ஒன்பது எழுத்துக்காரர்

மனிதர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்க வேண்டும். நான் இருந்தேன். வயதை விட்டுக்கொடுப்பார்கள். கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுப்பார்கள். காலையில் கூண்டில் ஏறிச் செய்த சத்தியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் விட்டுக்கொடுப்பார்கள். தன் பெயரில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத ஒரே ஒரு பிரகிருதியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் கோர்ட்டு டவாலி.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம்; கோர்ட்டு சமாசாரம், யாராவது பிராது கொடுத்துவிடுவார்கள். யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி, அந்த ஊர் முன்சீப் கோர்ட்டில் நகல் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் வாசலில் நெட்டையாக ஒருவர் நின்றிருந்தார். சிவப்புத் தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஓடும் பட்டை, அதில் பித்தளை வில்லை. உள்ளேயிருந்து பெஞ்சு குமாஸ்தா பெயரைச் சொன்னால், இவர் வாசலில் நின்று கட்சிக்காரர்களை மூன்று முறை கூவி அழைக்க வேண்டும். அதுதான் டவாலியின் வேலை.

"டவாலி, நகல் பிரிவு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. காது கேட்காதவர் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்கக் கேட்டேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா என் காதில் கிசுகிசுத்தார்: "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார். இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிக்கணும்."

"பேர் என்ன?"

"அது எனக்கு வாயில வராதுங்க. அவரையே கேளுங்க."

கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகப் பூத்தொடுப்பதைப் போலச் சொன்னார்: "அறப்பளீசுவரனுங்க."

"அரப்பளி..."

"இல்லீங்க. அ, ற. வல்லின ற. நாக்கை மேல கொண்டுபோயி வெச்சு அழுத்தோணும். மறுக்காச் சொல்லுங்க."

அன்று நான் வேலையில் சேர்ந்தபோது மணி பதினொன்று. தாமதத்துக்குக் காரணம் கேட்ட சிரஸ்தாரிடம், வாசலில் ஒரு பெயரைக் கற்றுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். கோர்ட்டு ஊழியர்களுக்கெல்லாம் தலைவரான அவர் பெருமூச்சு விட்டு, "உமக்குமா?" என்றார்.

அந்தப் பெயர் அவருக்கு வந்த விதம் எங்கள் கோர்ட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கொல்லிமலை மேலே அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அடிவாரத்துக்காரியான அவருடைய அம்மா, நிறைமாதத்தில், யார் சொல்லியும் கேட்காமல் ஆடிப் பதினெட்டுக்கு மலை ஏறினாள். இறங்கும்போது கையில் குழந்தை. மலைமேல் பிறந்தவனுக்கு மலைமேல் இருக்கிற சாமியின் பெயர்தான் என்று சொல்லிவிட்டாள். சுப்பன், கருப்பன், ராமன் என்று மூன்றெழுத்து ஐந்தெழுத்துக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஊரில், இவருக்கு மட்டும் ஒன்பது எழுத்து.

ஊர் அந்த ஒன்பது எழுத்தைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சிலர் "அரப்பு" என்றார்கள், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் தூளைச் சொல்வது போல. பலசரக்குக் கடைக்காரர் "அரைப்புளி" என்று கூப்பிட்டார்; அவருக்கு எல்லாமே நிறுத்தல் கணக்கு. தபால்காரர் "ஹரிபாலீசுவரன்" என்று வைணவத்துக்கு மாற்றிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, "அரைப்பல்லி" என்று ஒரு கூட்டம். இவர் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டார். நின்று, நிதானமாக, முதல் எழுத்திலிருந்து பாடம் எடுப்பார். அவசரமாகப் போகிறவர்கள் அவரைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டார்கள்.

மதராஸிலிருந்து வந்த சிரஸ்தாருக்குப் பொறுமை குறைவு. வருகைப் பதிவேட்டில் "ஏ. பி. ஈசுவரன்" என்று சுருக்கி எழுதிவிட்டார். மறுநாள் காலையில் நம்மவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் புது ஆபீசரு எப்பங்க வாராரு?"

"எந்த ஆபீசர்?"

"ஏ. பி. ஈசுவரன்னு போட்டிருக்குதுங்களே."

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். பத்து நாள் இப்படி நடந்தது. பத்து நாளும் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனவர், பதிவேட்டின்படி பத்து நாளும் ஆப்சென்ட். பதினோராம் நாள் சிரஸ்தார் புது மையில், முத்து முத்தாக, ஒன்பது எழுத்தையும் எழுதினார். "பக்கத்துக் கட்டத்தில் எழுத்து வழிகிறதய்யா!" என்று புலம்பினார். "வழியட்டுமுங்க, நல்ல பேருதானுங்களே" என்று கையெழுத்துப் போட்டார் இவர்.

ஒரு முறை ஜில்லா ஜட்ஜ் துரை பரிசோதனைக்கு வந்தார். வெள்ளைக்காரர். ஊழியர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தவர், இவரிடம் வந்ததும் தடுக்கி விழுந்தார். நாலு தடவை முயன்று பார்த்துவிட்டுச் சிரித்து, "ஹாரி என்று கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். முன்சீப் அதைத் தமிழில் சொன்னார்.

இவர் கைகட்டிக்கொண்டு, துரையின் முழுப் பெயரையும் சொன்னார். அது மூன்று சொல் கொண்ட பெயர். நாங்கள் யாரும் தைரியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. துரை வருவதாகத் தெரிந்த நாளிலிருந்தே மிஷன் பள்ளி வாத்தியாரிடம் போய், மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்!

"தொரை பேரு எனக்குங் கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு. படிச்சுக்கிட்டேனுங்க" என்றார்.

முன்சீப்புக்கு இதை மொழிபெயர்ப்பதற்குள் வியர்த்துவிட்டது. துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் அந்த ஒன்பது எழுத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் வந்தது என்னவோ "அராப்பலீஸ்" தான். ஆனாலும் இவருக்குத் திருப்தி. "பரவால்லீங்க. கஷ்டப்பட்டாரில்ல" என்றார்.

தன் பெயரோடு நின்றிருந்தால் அவரைக் கிறுக்கு என்று தள்ளியிருப்போம். மற்றவர்கள் பெயரிலும் அதே பிடிவாதம். காலையில் கட்சிக்காரர்கள் வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும், வழக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போவார். "சாமி, உங்க பேரை எப்படிங்க சொல்லோணும்?" என்று கேட்டு, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு நெசவாளர் வருவார், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பெயர் பனசங்கரய்யா. முன்பிருந்த டவாலி "பணச்சங்கரய்யா" என்று கூவி, கோர்ட்டே திரும்பி அந்தப் பணக்காரரைத் தேடுமாம். இவர் கூவிய அன்றைக்கு அந்த நெசவாளர் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. பட்டியலில் "இன்னார் பெஞ்சாதி" என்றுதான் இருக்கும். இவர் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்துக் கூவுவார். "பட்டியலில் இல்லாததை எதுக்குய்யா கூப்பிடறே?" என்று சிரஸ்தார் சண்டை போட்டதுண்டு. "வாரவங்க அவங்கதானுங்களே" என்பார்.

இப்படிப்பட்டவர் மேலேயே ஒரு வழக்கு வந்தது.

ஊர்க் கோடியில் அவருக்கு ஒரு வீடு, பின்னால் கையகலக் காடு; அந்தப் பக்கத்தில் மேட்டு நிலத்துக்குக் காடு என்று பெயர். வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர ஒரே ஒரு வண்டித்தடம். பக்கத்துக் காட்டுக்காரர் ராமசாமி, அந்தத் தடம் தன் காட்டைச் சேர்ந்தது, டவாலி அதில் நடக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். எங்கள் கோர்ட்டிலேயே.

"வக்கீல் வைங்க" என்றேன்.

"கோர்ட்டு வாசல்லயே இருவது வருசமா நிக்கறவனுக்கு வக்கீல் எதுக்குங்க? தடம் எங்கப்பன் காலத்துத் தடம். போயிச் சொன்னாப் போச்சு."

வாய்தா நாள் வந்தது. தானே கட்சிக்காரர் என்பதால் அன்று லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றார். மனைவி பாவாயி தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு கூட வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கூவ, சம்மன் கொண்டுபோகும் பியூன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வழக்கு எண்ணைப் படித்தார்கள். பியூன் காகிதத்தைப் பார்த்தான்; ஆளையும் பார்த்தான்; தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினான்:

"அரைப்பல்லி ஈசுவரன்! அரைப்பல்லி ஈசுவரன்! அரைப்பல்லி ஈசுவரன்!"

நகல் பிரிவில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். நம்மவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணா, போங்க! கூப்பிட்டாச்சு!"

"யாரைங்க?"

"உங்களைத்தான்!"

"என்னையக் கூப்பிடலீங்க. அரைப்பல்லின்னு யாரையோ கூப்பிட்டாங்க. அவரு வந்தா உடுங்க."

"விளையாடற நேரமா இது? போய் நின்னுட்டு அப்புறம் பேரைத் திருத்திக்கலாம்!"

"இருவது வருசமா இந்த வாசல்ல நான் ஒருத்தரு பேரையும் கெடுத்ததில்லீங்க. என்ற பேரைக் கெடுத்துக் கூப்பிட்டா, நான் போகோணுங்களா?"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஆறடி மனிதர், அசையவில்லை. உள்ளே முன்சீப் இரண்டு நிமிஷம் பார்த்தார். பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதி, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாதி சொன்னதே வேதம். தடம் ராமசாமிக்கு.

மறு வாரமே ராமசாமி தடத்தை முள்வேலி போட்டு அடைத்தார். அதற்குப் பிறகு இவர் கோர்ட்டுக்கு வர வேண்டுமானால் ஏரிக்கரையைச் சுற்றி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். முழங்கால்வரை சேறு. பாவாயி கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு அதே வழியில் போனாள். "எங்கூட்டுக்காரருக்கு ஒம்போது எழுத்துப் பேரு இருக்குதுங்க, நடக்கத்தான் தடம் இல்லீங்க" என்று தண்ணீர்ப் பந்தலில் சொல்லிச் சிரித்தாளாம். ஊரும் சிரித்தது.

ஒரு நாள் மத்தியானம் நகல் பிரிவுக்கு வந்தார். வழக்கமாக உட்கார மாட்டார். அன்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் பண்ணுனது தப்புங்களா?"

"தப்புத்தான்" என்றேன்.

தலையாட்டினார். பிறகு சொன்னார்: "என்ற அம்மாளை ஊர்ல எல்லாரும் 'ஏ புள்ளே'ன்னுதான் கூப்புடுவாங்க. எங்கப்பனும் அப்படித்தான். எனக்கு அம்மாதான். அதுக்கொரு பேரு இருந்திருக்குமில்லீங்க? நான் கேக்கவே இல்லை. எனக்குப் புத்தி வந்து கேக்கோணும்னு நெனைக்கறப்ப அது இல்லை. சாவு எழுதற நோட்டுல என்ன பேருன்னு கேட்டாங்க. கந்தன் பெஞ்சாதின்னு எழுதுனோம்." வில்லையை வேட்டியால் துடைத்துக்கொண்டே எழுந்தார். "அது எனக்குக் குடுத்த ஒரே சாமான் இந்தப் பேருங்க."

இவ்வளவு நாள் அவரைப் பற்றி நான் சொல்லிச் சிரித்த கதைகளெல்லாம் ஒரு நிமிஷம் என் எதிரே வந்து நின்றன. அன்று சாயங்காலமே ஓர் இளம் வக்கீலைப் பிடித்து, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்துச் செய்யும்படி மனு எழுதவைத்தேன். மனுவில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: பிரதிவாதி கூப்பிடப்படவே இல்லை.

மனு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. முன்சீப் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நிதானஸ்தர். மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "சாட்சி இருக்கா?" என்றார். கோர்ட்டு ஊழியனான நான் சாட்சி சொல்லக்கூடாது என்று சிரஸ்தார் தடுத்துவிட்டார்; அன்று வாசலில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ராமசாமிக்கு வேண்டியவர்கள். கடைசியில் பாவாயி கூண்டில் ஏறினாள்.

அன்று கூப்பிட்டது தன் புருஷனை அல்ல என்று சொன்னாள். ராமசாமியின் வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்படியானால் உன் புருஷன் பேர் என்னம்மா?"

கோர்ட்டு முழுக்கச் சிரிப்பு. புருஷன் பெயரை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? அந்தக் காலத்தில் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். பாவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூண்டின் கட்டையைப் பார்த்தாள்.

"வேறு யாராவது சொல்லலாமே?" என்றார் முன்சீப்.

"சாட்சியே சொல்லட்டும், யுவர் ஹானர். எந்தப் பெயரைக் கூப்பிடவில்லை என்கிறாரோ, அந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி."

நியாயமான வாதம். முன்சீப்பால் மறுக்க முடியவில்லை. சுவரோரம் நின்ற நம்மவர் திடீரென்று முன்னால் வந்தார்.

"உட்டுருங்க சாமி. அவளை எறங்கச் சொல்லுங்க. தடம் போனாப் போகுது. பேரு எப்படியோ இருந்துட்டுப் போகுது."

ஜில்லா ஜட்ஜுக்கு விட்டுக்கொடுக்காதவர்! எனக்கு என் காதை நம்ப முடியவில்லை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பாவாயி. நிமிர்ந்து முன்சீப்பைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அறப்பளீசுவரன்."

ஓர் எழுத்து பிசகவில்லை. வல்லின றவை நாக்கால் அழுத்தி, ளீயை நீட்ட வேண்டிய மட்டும் நீட்டி, தரையில் நெல்லைக் கொட்டினாற்போலச் சொல்லி முடித்தாள்.

"சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு முறை" என்றார் வக்கீல்.

"ஒருக்காத்தானுங்க சொல்லுவேன். காதுல உழுகலீன்னா அது உங்க கொறைங்க. அன்னைக்கி வாசல்ல கூப்புட்டது அரைப்பல்லிங்க. எங்கூட்டுச் சொவத்துல நாலு பல்லி இருக்குதுங்க. அதுல எதைக் கூப்புட்டாங்கன்னு நாங்க கண்டமுங்களா?"

முன்சீப் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சுவரோரம் பார்த்தார். "ஏம்ப்பா, இது வல்லின றவா, இடையின ரவா?"

இருபது வருஷத்தில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் வலியப் போய்ச் சொன்னவரால், கேட்டபோது சொல்ல முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வல்லினம், சார்" என்று நான்தான் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

தீர்ப்பு ரத்தாயிற்று. மறு விசாரணைக்கு முன்பே ராமசாமி ராஜிக்கு வந்து, வேலியைப் பிரித்துவிட்டார். தடம் இருவருக்கும் பொது என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் ராமசாமி கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "ஏனுங் மாப்ள" என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டினார். மாப்பிள்ளை முறைக்கு இவருக்கு ஆட்சேபம் இல்லை.

மனு விசாரணை முடிந்த அன்று புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்குக் கிளம்பியபோது, அவரை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்டேன்: "எப்படி இருந்தது, அவங்க சொன்னது?"

முன்னால் போய்க்கொண்டிருந்த பாவாயியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானே அத்தனை நல்லாச் சொன்னதில்லீங்க. எங்க படிச்சேன்னு அவகிட்டக் கேட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து மனசுக்குள்ளயே தெனமும் சொல்லிப் பாத்துக்குவாளாமுங்க."

அதற்கடுத்த வருஷம் எனக்குச் சேலத்துக்கு மாற்றலாயிற்று. பிறகு பல கோர்ட்டு, பல டவாலி. அறப்பளீசுவரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தடத்தில் நடந்து, மாடு மேய்த்து, நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் அவரைப் பற்றி இந்தக் கட்டுரையை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அன்பாக ஒரு கார்டு போட்டிருந்தார்: கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் பெயர் நீளமாக இருக்கிறது, வாசகர்கள் தடுக்கி விழுவார்கள், எல்லா இடத்திலும் "அறப்பளி" என்று சுருக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் மேலிடத்துக்கு எதிராக ஒரு வரி எழுதி அறியாதவன் நான். பெயரைச் சுருக்குவதானால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்படியும், இல்லாவிட்டால் இந்தப் பத்தியையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளும்படியும் அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், ஆசிரியர் ரொம்ப நல்லவர்.